240 சக்கரங்களும் ஒரு முக்காலியும்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் திருச்சி கோளரங்கத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மாலையில் தஞ்சாவூர் திரும்பும்போது துவாக்குடி அருகே பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு நீண்ட டிரெய்லர், அதன் மேல் வீடு போல ஓர் இரும்பு உருளை. திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கும் பெல் ஆலையின் கொதிகலன் பாகங்கள் இந்தச் சாலையில் போவது நமக்குப் பழகிய காட்சிதான். ஆனால் மாணவர்களுக்கு அன்று கோளரங்கத்தை விட இதுதான் பெரிதாகப் பட்டது. சன்னல் வழியே சக்கரங்களை எண்ணத் தொடங்கிய ஒருவன் எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

"இவ்ளோ வெயிட்டு போனா ரோடு உள்ள போயிடாதா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. "ரோடு போகலையே. எங்க ஊரு பாலம் மட்டும் ஒத்த லாரிக்கே போச்சு" என்றான் எண்ணியவன்.

அவன் சொன்ன பாலம் எங்கள் பள்ளிக்கு வரும் வழியில் வாய்க்கால் மேல் இருந்த சிறுபாலம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அளவுக்கு மீறி ஜல்லி ஏற்றி வந்த லாரி ஒன்றால் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. புதிய பாலம் வரும்வரை ஏழு மாதம் மறுகரைப் பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்தார்கள். இரண்டு பேர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட, தலைமை ஆசிரியரும் நானும் வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தோம். ஆகவே அவன் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.

முதலில் சாலை. 2018 இறுதியில் வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்கு ஒரே கல்லில் ஆன பெருமாள் சிலை ஒன்று புறப்பட்டது நினைவிருக்கும். எடை சுமார் 350 டன், வண்டிக்கு 240 சக்கரங்கள். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. பிறகு நம் ஊரில் ஓடும் பத்துச் சக்கர லாரி. 2018 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய அரசின் வரம்புப்படி சுமையோடு சேர்த்து அதன் எடை 28.5 டன் வரை இருக்கலாம். ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 2.85 டன். வகுப்பு அமைதியாகிவிட்டது. "டிரெய்லரோட சொந்த எடைய விட்டுட்டீங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. சரியான கேள்வி. அதற்கு 100 டன் சேர்த்தாலும் ஒரு சக்கரத்துக்கு இரண்டு டன் வரவில்லை. சாலையைப் பொறுத்தவரை அந்தச் சிலை வண்டி ஜல்லி லாரியை விட மென்மையாகத்தான் நடந்தது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தவர்கள்தான். டெல்டாப் பிள்ளைகளுக்கு அதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. மழை பெய்த வயலில் டயர் மெஷின் இறங்காது, செயின் மெஷின்தான் இறங்கி அறுக்கும், அதற்கு வாடகையும் கூட என்று அவர்களே சொன்னார்கள். இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டி புதைந்த சேற்றில் டயர் வண்டி ஏறிப் போனதை அவர்கள் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். பாரம் ஏற்றும் வண்டிகளின் வரலாறே இந்தச் சேற்றோடு நடந்த போராட்டம்தான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பாய்டெல் என்பவர் 1846-லேயே சக்கரத்தைச் சுற்றிப் பலகைகளைப் பொருத்தி, வண்டி தனக்குத் தானே பாதை விரித்துக்கொண்டு போகும்படி காப்புரிமை பெற்றார். நம் செயின் மெஷினுக்கு அது ஒரு வகையில் மூதாதை. ஸ்காட்லாந்துக்காரர் தாம்சன் 1867-இல் நீராவி வண்டியின் சக்கரத்துக்குக் கெட்டி ரப்பர் போட்டார். அவ்வகை வண்டிகளைத்தான் 1870-களில் கிராம்ப்டன் என்ற இளம் ராணுவ அதிகாரி வட இந்தியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். 1929-இல் ஸ்கேமல் நிறுவனம் 100 டன் ஏற்றும் வண்டி செய்தது. மொத்தம் இரண்டே வண்டிகள். ரயில் எஞ்சின்களைச் சாலையில் சுமந்து போயின. அதன் டிரெய்லரின் பின்பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பின்சக்கரங்களைத் திருப்புவார்.

சக்கரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? போதாது. நாலு கால் நாற்காலியே சமமில்லாத தரையில் ஆடும், ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அப்படியானால் 240 கால்கள் இருந்தால்? மேட்டில் ஏறும் சில சக்கரங்கள் மட்டும் மொத்தப் பாரத்தையும் வாங்கி வெடித்துவிடும். இதற்கு விடை 1950-களில் ஜெர்மனியில் வில்லி ஷொய்ர்லே செய்த ஹைட்ராலிக் டிரெய்லரில் இருக்கிறது. சக்கரத் தொகுதி ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்ணெய் உருளை இருக்கும். உருளைகள் குழாயால் இணைந்திருக்கும். மேட்டில் ஏறும் சக்கரம் அமுங்கினால் அதன் எண்ணெய் பள்ளத்தில் இறங்கும் சக்கரத்துக்குப் போய் அதைக் கீழே தள்ளும். ஒரே குழாயில் இருக்கும் எல்லா உருளைகளிலும் ஒரே அழுத்தம். ஒன்பதாம் வகுப்பு 'பாய்மங்கள்' பாடத்தில் வரும் பாஸ்கல் விதி இதுதான்.

இதை வகுப்பில் காட்டுவது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு சிரிஞ்சுகள், மருந்துக்கடையில் வாங்கிய சலைன் குழாய், கொஞ்சம் தண்ணீர். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும். காற்றுக் குமிழி இருந்தால் சரியாக வராது. முதல் முறை எனக்கு வரவில்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. எல்லா உருளைகளையும் ஒரே குழாயில் இணைத்தால், பாரம் ஒரு பக்கம் சரியும்போது எண்ணெயும் மறுபக்கம் ஓடி வண்டி கவிழ்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் மூன்று குழுக்களாகப் பிரித்து இணைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சக்கரங்கள் இருந்தாலும் பாரம் நிற்பது மூன்று காலில். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பதை எங்கள் பள்ளிச் சமையற்கூடத்து முக்காலியைக் கொண்டுவந்து காட்டினேன்.

நம் மண்ணிலேயே இதற்கு மாறான ஓர் அற்புதம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். நான்கே இரும்புச் சக்கரங்கள். சராசரியாக ஒரு சக்கரத்துக்கு 75 டன்! சிலை வண்டியின் சக்கரத்தைப் போல ஐம்பது மடங்கு. தேரோடும் வீதி உறுதியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். முனையில் திரும்பும்போது கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளின் மேல் சக்கரங்களை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்த பிறகும் முட்டுக்கட்டை போடுவோர் இல்லாமல் தேர் நகராது. அந்தக் கட்டையைச் செருகுகிற கோணமும் நேரமும் தேரைத் திருப்பும், நிறுத்தும். ஸ்கேமலின் பின்னால் உட்கார்ந்தவர் செய்த வேலையை இவர்கள் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள்.

தேரைச் சொன்னதும் வகுப்பில் யாரோ களிமேட்டைச் சொன்னார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் தேர் உயர்அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பேசினோம். பெரிய பாரம் புறப்படும் முன் ஒரு குழு முழு வழியையும் அளந்து போகும். எல்லாக் கம்பியின் உயரமும், வளைவின் அகலமும், பாலமும் குறிக்கப்படும். மின்வாரியத்தோடு பேசி, எங்கே எப்போது மின்சாரத்தை நிறுத்துவது என்று முடிவாகும். சாலை மீண்டும் மீண்டும் போடப்பட்டு உயர்ந்தால் கம்பி அதே அளவு தாழ்ந்ததாகத்தான் பொருள். சென்ற ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்கு உதவாது.

கடைசியாகப் பாலம். இங்கேதான் சக்கரக் கணக்கு நம்மை ஏமாற்றும். சாலைக்குத் தெரிவது ஒரு சக்கரத்தின் எடை. பாலத்துக்குத் தெரிவதோ அதன் மேல் ஒரே நேரத்தில் நிற்கும் மொத்த எடை. எங்கள் சிறுபாலம் நான்கு மீட்டர். லாரியின் பின்னிரண்டு அச்சுகளும் சேர்ந்து அதன் மேல் நிற்கும், சட்டப்படி ஏற்றினாலே 21 டன். சிலை வண்டியில் வரிசைக்கு 16 சக்கரம், வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் மூன்று வரிசைகள் பாலத்தில் நிற்கும், சுமார் 70 டன். சாலைக்கு மென்மையான அதே வண்டி பாலத்துக்கு எமன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலங்களைத் தவிர்த்து ஆற்றுக்குள் தற்காலிக மண்பாதை போட்டுச் சிலையைக் கொண்டுபோனது இதனால்தான். பெங்களூரு போய்ச் சேரவே 2019 ஜூன் ஆகிவிட்டது.

"அப்போ சக்கரத்தக் கூட்டினா பாலத்துக்கு லாபமே இல்லையா டீச்சர்?" என்றான் அந்தப் பையன். பக்கவாட்டில் கூட்டினால் இல்லை, நீளத்தில் கூட்டினால் உண்டு என்றேன். அவன் லாரியின் படம் வரைந்து அச்சுகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் புதிய பாலத்தில் தாங்குதிறன் பலகை இல்லை. அது எத்தனை டன் என்று கேட்டு மாணவர்கள் ஊராட்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் வந்ததும் எழுதி வைக்கப் பலகையும் பெயிண்டும் ஆய்வகத்தில் தயாராக இருக்கின்றன.