தேனின்னா அருவியும் நாட்டுக்கோழியும் மட்டும்தானா? - கேமராவில் சிக்காத கம்பம் பள்ளத்தாக்கு

போனில் யூடியூபைத் திறந்து 'தேனி' என்று தட்டிப் பாருங்கள். மேகமலையின் கொண்டை ஊசி வளைவுகளை டிரோன் மேலிருந்து காட்டும். சுருளியிலும் கும்பக்கரையிலும் தண்ணீர் கொட்டும். விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினால் சாப்பாடு ஆரம்பிக்கும். தலைவாழை இலை, நடுவில் குன்று மாதிரி சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, குடல் வறுவல், ரத்தப் பொரியல். முதல் வாய் உள்ளே போனதும் தொகுப்பாளரின் கண்கள் தானாக மூடிக்கொள்ளும். பின்னணியில் இளையராஜாவை நினைவூட்டுகிற, ஆனால் காப்பிரைட் பிரச்னை வராத ஒரு புல்லாங்குழல்.

இதில் எதுவும் பொய் இல்லை. அருவி இருக்கிறது, கோழியும் இருக்கிறது, ருசியும் உண்மைதான். ஆனால், பத்து வீடியோ பார்த்த பிறகும் கம்பத்தில் ஒரு வீட்டில் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிடுவார்கள், அதை யார், எத்தனை மணிக்குச் சமைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. இது தேனிக்கு மட்டும் நேர்ந்த கதையும் இல்லை. இதே சிக்கலில் ஒரு நாடே பல வருடங்கள் மாட்டிக்கொண்டிருந்தது.

பிலிப்பைன்ஸைத்தான் சொல்கிறேன். அமெரிக்க டி.வி-க்காரர்களுக்கு அந்த நாட்டுச் சாப்பாடு என்றால் நீண்ட காலத்துக்கு ஒரே பெயர்தான்... பலூட். கரு வளர்ந்த வாத்து முட்டையை வேகவைத்து, ராத்திரி நேரத்தில் தெருவில் விற்பார்கள். உழைத்துக் களைத்தவர்கள் உப்போ வினிகரோ சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது நம்மூர் அவித்த முட்டை மாதிரி சாதாரண விஷயம். 'ஃபியர் ஃபேக்டர்' நிகழ்ச்சியில் அதையே தைரியத்துக்கான பரீட்சையாக்கிப் போட்டியாளர்கள் முன்னால் வைத்தார்கள். ஆண்ட்ரூ ஜிம்மெர்ன் நடத்திய 'பிஸார் ஃபுட்ஸ்' பிலிப்பைன்ஸுக்குப் போனபோதும் பலூட்டுக்குத் தனி இடம் உண்டு. நிகழ்ச்சியின் பெயரே 'விநோத உணவுகள்'. போகிற இடத்தில் விநோதம் கிடைக்காவிட்டால் அவர் பிழைப்பு எப்படி நடக்கும்? நம் ரசத்தின் தூரத்துச் சொந்தம் போல, புளி சேர்த்து வைக்கும் 'சினிகாங்' குழம்பு அங்கே வீட்டுக்கு வீடு கொதிக்கிறது. அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதால் கேமராவுக்கு அது தேவைப்படவில்லை.

மறைந்த அந்தோணி போர்டெய்ன் கதை இதில் கொஞ்சம் வேறு. ஊர் ஊராகச் சாப்பிட்டுத் திரிந்த இந்தச் சமையல்காரர் 2009-ல் வந்த பிலிப்பைன்ஸ் நிகழ்ச்சியில் செபு தீவின் முழுப் பன்றி வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, இதுவரை தின்ற பன்றிகளிலேயே இதுதான் முதலிடம் என்று புகழ்ந்தார். அந்த நாட்டு மக்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். 2016-ல் மணிலாவைப் பற்றி மறுபடியும் ஒரு நிகழ்ச்சி செய்தார். இந்தத் தடவை கதையின் நடுவில் இருந்தது சாப்பாடு அல்ல. அமெரிக்காவில் அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளைப் பல வருடங்கள் வளர்த்து ஆளாக்கிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண். பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறவர்களை நம்பித்தான் அந்த நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது. முதல் தடவை பன்றி, அடுத்த தடவை ஆயா. அந்த இரண்டாவது வருகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்படி ஒரு கேமரா வந்தால் அது எதைக் காட்டும்?

சினிமா போட்ட முதல் கோடு

யூடியூபுக்கு முன்பே தேனிக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது சினிமா. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று பெரிய படையே இங்கிருந்து சென்னைக்குப் போனது. தமிழ்நாடு முழுக்க 'கிராமம்' என்றால் மனதில் வருகிற ஆற்றங்கரை, பாவாடை தாவணி, பெட்டிக்கடை, பஞ்சாயத்து எல்லாவற்றிலும் இவர்கள் கை இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கிராமத்துக்கு அஸ்திவாரம் போட்ட '16 வயதினிலே' 1977-ல் வந்தது. அதன் பெரும்பகுதியைப் படமாக்கியது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். நாம் எல்லோரும் நம் ஊர் என்று நினைத்துப் பார்த்த தெரு, அடுத்த மாநிலத்துத் தெரு!

சினிமா கொடுத்த அந்த முகத்தில் தாய்மாமன் சீர் இருந்தது, அரிவாள் இருந்தது, கறி விருந்து இருந்தது. பிறகு வந்த பயண நிகழ்ச்சிகளும் அதே முகத்தைத் தேடிக்கொண்டுதான் பஸ் ஏறின. இப்போது அதோடு இன்னொரு அச்சும் சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ஒரு தமிழ் யூடியூப் சேனல் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல்முறை. தாத்தாவும் பேரன்களும் வயலில் அண்டா வைத்துச் சமைப்பதில் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அதன் பிறகு எந்த ஊரில் கேமரா வைத்தாலும் அண்டா வேண்டும், வெட்டவெளி வேண்டும், நூறு முட்டை வேண்டும் என்றாகிவிட்டது. வருகிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் காட்ட ஊரும் பழகிக்கொள்கிறது. நிஜத்தில் தேனி மாவட்டத்து அம்மா ஒருவர் கேஸ் அடுப்பில், குக்கரில், கால் மணி நேரத்தில் பருப்பு வேகவைக்கிறார். அதற்கு யார் லைக் போடப்போகிறார்கள்?

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு 'கிராமத்துச் சமையல்' கிடையாது என்பதும் திரையில் வராத சங்கதி. கம்பத்திலும் காமயகவுண்டன்பட்டியிலும் வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. உத்தமபாளையத்தில் ராவுத்தர் வீட்டு நெய்ச்சோறும், ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சியும். ராயப்பன்பட்டியில் கிறிஸ்துமஸ் பலகாரம். மலையில் பளியர்கள் தோண்டி எடுக்கும் வள்ளிக்கிழங்கும் தேனும். வருசநாட்டுப் பக்கம் போனால் மானாவாரி நிலம். லோயர் கேம்ப்பிலிருந்து இந்தப் பக்கம் இறங்கினால் 14,707 ஏக்கருக்கு இருபோக நெல். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் அந்தச் சோறு. பென்னிகுக் படத்தைக் கடையில் மாட்டி, குழந்தைக்கு அவர் பெயரை வைத்து, ஜனவரி 15 அன்று அவருக்காகப் பொங்கல் வைக்கும் ஊர் இது. அன்றைக்கு மட்டும் டி.வி-க்காரர்கள் தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

மூணாறாக மாறிய கொழுக்குமலை

தப்பாகக் காட்டுவது ஒரு ரகம். பெயரையே மாற்றிவிடுவது இன்னொரு ரகம். கொழுக்குமலை சூரிய உதயத்தைப் பார்க்காத ரீல்ஸ் ரசிகர் இருக்க முடியாது. மேகத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் பொழுது விடியும். அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால், ஜீப் கிளம்புவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. அதனால் பாதி வீடியோக்களில் அதற்குப் பெயர் 'மூணாறு'.

ஏலக்காய் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. வெளிநாட்டுப் பயண நிகழ்ச்சிகள் தேக்கடி, குமுளிப் பக்கம் வந்தால் வாசனைத் தோட்டம் ஒன்றைக் கட்டாயம் காட்டும். தொகுப்பாளர் ஒரு பச்சைக் காயைக் கிள்ளி முகர்ந்து, 'கடவுளின் தேசம்' என்று சிலிர்ப்பார். காய் விளைவது இடுக்கி மலையில் என்பது சரிதான். அதைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி எந்த ஊர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரத்துப் பெண்களின் கைகள் அவை. பறித்த காய் விலை பேசப்படும் இடங்களில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்தின் புற்றடியிலும் நம் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது.

விடியுமுன் கம்பத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மலையேற மூன்று வழிகள். ஒவ்வொரு ஜீப்பிலும் அளவுக்கு மேல் பெண்கள். கையில் தூக்குவாளி அல்லது டிபன் பாக்ஸ். அந்த நேரத்தில் மதியச் சோறு தயாராக இருக்க வேண்டுமென்றால் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைக்கப்பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள். ஏலச்செடி ஆளுயரம் வளரும். காய்க்கும் சரமோ தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் பறிக்க முடியும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றியதை மட்டும் பார்த்துப் பறித்துவிட்டு, சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக் கடி வேறு. காலையில் கட்டிய சோறு மதியம் அந்த நிழலில் ஆறிப்போய்த் திறக்கப்படும். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஏலக்காய் இப்படித்தான் வந்து சேர்கிறது. கேட்டால், இதில் விநோதம் எங்கே இருக்கிறது என்பார்கள் டி.வி-க்காரர்கள்.

இந்தப் பயணம் எத்தனை அவசியம் என்பது அது நின்றபோது தெரிந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னையில் எல்லை கொதித்தபோது தோட்ட வேலை நின்றது. 2020 ஊரடங்கில் மறுபடியும் சோதனைச்சாவடிகள் மூடின. மலையேறும் ஜீப்புகள் விபத்தில் சிக்குவதும் அவ்வப்போது செய்தியாகிறது. அன்றைக்கு மட்டும் கேமரா வருகிறது.

திரை இந்த உழைப்பை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் ஏல மூட்டை சுமந்து மலையிறங்கும் ஒரு கூலித் தொழிலாளிதான் நாயகன். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க அவன் படும் பாடுதான் கதை. நடித்தவர்களில் பலர் அந்த மண்ணின் மக்கள். அதில் வரும் டீக்கடையும் சாப்பாடும் யாரையும் கண்ணை மூடச் சொல்லாது. தேனியைப் பற்றி ஒரே ஒரு காட்சிப் பதிவைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால், நான் எந்தப் பயண வீடியோவையும் சொல்ல மாட்டேன். இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

பந்தலுக்குக் கீழே ஒரு செல்ஃபி

கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாகப் போனால் சாலையோரம் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் இந்தப் பக்கம் கொண்டுவந்தார் என்பது அதன் வரலாறாகச் சொல்லப்படுகிறது. விதையுள்ள, கறுத்த, வாசனையான பழம். வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. தேக்கடிக்கு வரும் மலையாளச் சுற்றுலாப் பயணிகளுக்கு இப்போது இந்தத் தோட்டங்களும் ஒரு நிறுத்தம். குலைகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் படமெடுத்துக்கொண்டு, ஜூஸ் குடித்துவிட்டுப் போகிறார்கள். விவசாயிக்கு அதில் நாலு காசு வருகிறது, நல்லதுதான். ஆனால், கவாத்து, மருந்தடிப்பு, பழம் பழுக்கும் நேரத்தில் கொட்டும் மழை, சரிந்துபோன கிலோ விலை ஆகியவை எந்தச் செல்ஃபியிலும் விழுவதில்லை. விதையில்லாத் திராட்சையையே கேட்டு வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

கேமரா சில நேரம் நேரடியாகவே தொந்தரவு செய்திருக்கிறது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் இறங்கியது நினைவிருக்கும். அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடைகளையும் உடைத்தே பெயர் வாங்கிய யானை அது. ஊரில் 144 தடை போட்டு, வனத்துறை அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது, வீடியோவுக்காக டிரோன் பறக்கவிட்ட யூடியூபர் ஒருவர் கைதானார். டிரோன் சத்தத்தில் யானை மிரண்டு ஓடியதுதான் மிச்சம்.

அதே 2023 ஜூனில் போடி வரை ரயிலும் வந்துவிட்டது. மீட்டர் கேஜ் நின்று பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்த ஊர். இப்போது சென்னையிலிருந்து படுத்துத் தூங்கிக்கொண்டே வந்து இறங்கலாம். வருகிறவர்களில் போனும் மைக்கும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். சாயங்காலம் கம்பம்மெட்டுச் சாலையில் ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கிவரும். காலியான தூக்குவாளியோடு இறங்கும் பெண்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வழியில் காய்கறிக் கடையில் நின்று, மறுநாள் விடியுமுன் வைக்கப்போகும் குழம்புக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.