ராமானுஜன் எழுதிய வேலை விண்ணப்பம்

வேலை தேடும் இளைஞர்களுக்குச் சென்னையில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தி.நகரிலும் அடையாறிலும் உள்ள பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டே விஷயங்கள்: ரெஸ்யூமை மெருகேற்று, கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் அனுப்பு. இரண்டிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நாம் செய்த வேலையின் ஒரு மாதிரி, அதை எடைபோடத் தெரிந்த ஒருவரின் பார்வைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. அதற்கான சான்று இங்கே திருவல்லிக்கேணியிலேயே கிடைக்கிறது.

கணித மேதை சீனிவாச ராமானுஜனை நாம் வேலை தேடி அலைந்தவராக நினைப்பதில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவர் அவர். 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. கையில் பட்டமில்லை, வருமானமுமில்லை. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி அய்யரைப் பார்த்து ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். கேட்கப் போனபோது கொண்டு போனது தன் கணித நோட்டுப் புத்தகத்தை. ராமசாமி அய்யர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியதும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். அங்கிருந்து பேராசிரியர் சேஷு அய்யர், அவர் மூலம் நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் என்று அறிமுகம் கைமாறியது. ராவ் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகே நம்பினார், மாதாமாதம் பணமும் கொடுத்தார். 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரத் தற்காலிக வேலை கிடைத்தது. பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மார்ச் 1 முதல் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா.

அந்த விண்ணப்பத்தை இன்றைய ஃப்ரெஷர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். மிகச் சிறியது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதையும் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டதையும், வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையையும் தெரிவிக்கிறார். படிப்பில் விழுந்த இடைவெளியை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகப் புலம்பவும் இல்லை. அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்பதே பதிலாகிவிடுகிறது. அரியர், வேலை போனது, குடும்பப் பொறுப்பு என்று எந்தக் காரணத்தால் ரெஸ்யூமில் ஓட்டை விழுந்திருந்தாலும் இன்டர்வியூவில் இதைவிட நல்ல வழி இல்லை. கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரையும் போயிற்று. துறைமுகக் கழகத்தில் அதைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருந்தார்: கணிதக் கழக உறுப்பினர் எஸ். நாராயண அய்யர்.

இது தனி ஒருவரின் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970களில் வெளியிட்ட ஆய்வுக்காக, நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறிய 282 பேரிடம் விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்தவர் மூலமே வேலை கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தோர் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகவே சந்தித்தவர்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வும், ஓரளவு மட்டும் பழக்கமானவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார்கள் என்று கண்டது. ராமானுஜனுக்கு ராமசாமி அய்யர் யார்? முன்பின் பழக்கமில்லாதவர்.

‘அவர் மேதை, நான் சாதாரண பி.காம்’ என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் மேதைமை மட்டும் அவருக்குச் சோறு போடவில்லை. நோட்டைக் காட்டும் வரை அவர் தேர்வில் தோற்ற பையன்தான். பி.காம் படித்தவருக்கும் ஒரு நோட்டு சாத்தியம். உஸ்மான் சாலையில் ஒரு சிறு கடையின் ஒரு மாதக் கணக்கை, பெயர்களை நீக்கிவிட்டு, டேலியில் ஏற்றி, ஜிஎஸ்டி எங்கே இடித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் காட்டலாம். கோட் எழுதுபவர் ஓடுகிற புரோகிராம் ஒன்றைக் காட்டலாம். கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர் என்ற வரிகளைவிட அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்டர்வியூவிலும் இதே கணக்குதான். வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூ பின்னாளைய வேலைத் திறனை இரு மடங்குக்கும் மேல் நன்றாகக் கணிக்கிறது என்று பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட மறுமதிப்பீடு காட்டுகிறது. எப்படிப்பட்ட இன்டர்வியூ என்பது நம் கையில் இல்லை. ஆனால் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் சொந்த ஊர், அப்பா வேலை, பொழுதுபோக்கு என்று நம்மவர்கள் ஒப்பிக்கும் வழக்கத்தை விடலாம். செய்த ஒரு வேலை, அதில் வந்த சிக்கல், எடுத்த முடிவு, கிடைத்த பலன் என்று தொடங்கினால் அடுத்த கேள்வி பெரும்பாலும் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே வரும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இதெல்லாம் சிபாரிசுதானே? ராமானுஜனைக் கைமாற்றிக் கொண்டுபோனவர்களில் பலர் அவரைப் போலவே பிராமணர்கள். உண்மை. அந்த வலை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதால்தான் 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது, 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி அரசாணை பிறப்பித்தது, 1929இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு தேர்வாணையம் பிறந்தது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 முதல் இன்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள். தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதம் நுழையும் கதவு அதுதான் என்பதால். தனியார் துறையில் அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. ரெஃபரல் என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ‘நம்ம பையன்’ என்று சொல்லும் சிபாரிசும், ‘இவர் செய்த வேலையைப் பாருங்கள்’ என்று சொல்லும் பரிந்துரையும் ஒன்றல்ல. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இரண்டாவதைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. கல்லூரி சீனியர், புராஜெக்ட் வழிகாட்டி, இன்டர்ன்ஷிப்பில் மேலாளராக இருந்தவர் ஆகியோருக்குத் தன் வேலை மாதிரியோடு நாலு வரி எழுதும் துணிச்சல் அவருக்கு வேண்டும். அதைப் படிக்கும் பொறுமை வேலையில் இருப்பவருக்கு வேண்டும். உங்கள் கல்லூரி ஜூனியர் யாராவது செய்தி அனுப்பியிருந்தால், ஊரும் பேரும் விசாரிக்காமல், அவர் இணைத்திருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். நன்றாக இருந்தால் உங்கள் ஹெச்.ஆருக்கு அனுப்பிவையுங்கள்.