ஓவியம் தீட்டிய கல்வீடுகள்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுள் பல, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவை. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. கோலார் மாவட்டத்தின் தென்னெல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்நிலத்தில் மல்லசந்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் பாறைக்குன்றின்மேல், பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காக எழுப்பிய கல்லறைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன.

நான்கு பலகைக்கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே அகன்ற மூடுகல்லை ஏற்றி அமைத்த அறை கல்திட்டை எனப்படும். அதே அறை நிலத்தினுள் அமைந்தால் கல்பதுக்கை. பெரும்பாலும் ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளை ஒன்று குடையப்பட்டிருக்கும். அதற்கு இடுதுளை என்று பெயர். இச்சிறு வாயிலைக் கண்ட பிற்கால மக்கள், இங்கே குள்ளர்கள் வாழ்ந்தனர் என்று எண்ணிக் 'குள்ளர் வீடு' என்றனர். 'பாண்டவர் வீடு' என்போரும் உண்டு. கதை எதுவாயினும், வீடு என்ற சொல் பொருத்தமானதே.

மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்கள் காணப்படுகின்றன. மனிதர்களும், ஆயுதம் ஏந்தியோரும், விலங்கின்மேல் அமர்ந்தோரும் எளிய உருவங்களாக அங்கே தோன்றுகின்றனர்.

கல்லறைக்குள் ஓவியம் தீட்டும் வழக்கம் பிற நாடுகளிலும் இருந்தது. இத்தாலியின் தர்குவீனியாவில், எட்ருஸ்கர் என்னும் பழங்குடியினர் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் கல்லறைகளில் விருந்தும் இசையும் நடனமும் வண்ணத்தில் திகழ்கின்றன. யுனெஸ்கோ அவற்றை 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மனிதர் விடும் மூச்சின் ஈரமே ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால், அங்கே செல்வோர் படியிறங்கிக் கண்ணாடித் தடுப்பின் வழியாகவே காண்கின்றனர்.

மல்லசந்திரத்தின் திறந்த குன்றில் அத்தகைய தடுப்பு இல்லை. கற்களுக்கு அடியில் தங்கம் இருக்கும் என்று நம்பிக் கல்லறைகளைப் பெயர்த்தவர்கள் பல ஊர்களிலும் உண்டு. தங்கம் எத்துணை ஆழத்தில், எத்துணை உழைப்பால் கிடைக்கும் என்பதைத் தங்கவயலில் பிறந்தோர் அவர்களுக்குச் சொல்லலாம்! பெருங்கற்காலக் கல்லறைகளில் மிகுதியாகக் கிடைப்பவை மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளுமே.

காண வருவோராலும் கேடு நேர்வதுண்டு. மங்கிய உருவம் தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் ஓவியத்தின்மேல் நீர் தெளிக்கின்றனர். நனைந்தவுடன் உருவம் துலங்குவது உண்மையே. ஆனால் நீர் உலரும்போது கல்லிலுள்ள உப்பு மேலே வந்து படியும். தளர்ந்த வண்ணமும் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும்.