புதிய கணினி பாதியில் உறைந்தால், பழைய வன்தட்டை முதலில் கழற்றுங்கள்

சல்லியில் எங்கள் வீட்டு மேசையில் இருந்த புதிய கணினி நான்காவது தடவையாக உறைந்து நின்றது. விண்டோஸ் நிறுவும் திரையில் கோப்புகளை ஆயத்தப்படுத்தும் வரி, அதற்குப் பக்கத்தில் 37 சதவீதம். முன்னர் ஒருமுறை 52இல் நின்றது, இன்னொருமுறை 18இல். கதிரையில் இருந்த பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "பிள்ளை, என்ட மகன்ட படமெல்லாம் இதுக்குள்ளயா கிடக்கு?"

இதற்குள் இல்லை. மேசை ஓரத்தில் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய வன்தட்டில் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்ட அவரது மகனின் படங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் வருடி வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் கடதாசிகள் பெட்டியோடு போயின. தப்பியவை 2006 இடப்பெயர்வில் நனைந்தன. அந்தத் தட்டில் இருப்பவற்றில் சிலவற்றுக்கு மூலப்பிரதியே இப்போது இல்லை.

அதனால்தான் தலைப்பில் உள்ளதை முதலில் சொல்கிறேன். நிறுவும்போது பழைய தட்டும் இணைக்கப்பட்டிருந்தால், எந்தத் தட்டில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் இரண்டும் வெறும் இலக்கங்களாகவே தெரியும். நாலு முறை உறைந்து சலித்துப்போன கை தவறானதை அழிக்க ஒரு நொடி போதும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் பல வீடுகளில் கணினி மாற்றுகிறார்கள். அவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

உண்மையில் உறைந்ததா, மெதுவாக ஓடுகிறதா என்பதை விசைப்பலகையில் கப்ஸ் லொக்கை அழுத்திப் பார்த்தால் ஓரளவு தெரியும். சிறுவிளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, பொறுத்திருக்கலாம். எனக்கு விளக்கு அசையவில்லை.

கடைக்காரருக்கு அழைத்தேன். "பயோஸ் திரை வருதுதானே, அப்ப சாமான் எல்லாம் சரி" என்றார். இது பலரும் நம்பும் தவறு. பயோஸ் திரைக்கு நினைவகத்தில் சிறு பகுதியே போதும். விண்டோஸ் நிறுவும்போதோ, பல ஜிபி அளவுக்குச் சுருக்கி வைத்த கோப்பு ரேமின் வழியாக விரிக்கப்பட்டுத் தட்டில் எழுதப்படுகிறது. புதுக் கணினியின் ரேமும் செயலியும் சேமிப்பகமும் சேர்ந்து பாரம் சுமக்கும் முதல் வேலை அதுதான். ஒளிந்திருந்த பழுது அங்கேதான் வெளிவரும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நின்றதால் எனக்கு ரேமின் மீதுதான் சந்தேகம் வந்தது. பென்ட்ரைவில் உள்ள கோப்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரு பிழைச்செய்தியோடு நிற்கும்.

இருந்தாலும் இலகுவானதில் இருந்து தொடங்கினேன். வேறு பென்ட்ரைவ், வேறு துளை. பலனில்லை. பயோஸில் செயலியின் வெப்பம் 41 பாகை, அது சரி. (தொண்ணூறைத் தாண்டினால் குளிர்விப்பானின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.) மின்சாரத்தையும் நினைத்தேன். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடே இருண்டதென அமைச்சர் சொன்ன தேசம் இது. ஆனால் யூபிஎஸ்ஸில் போட்டும் அதே கதை.

பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்ட்ரைவில் ஏற்றி ஓடவிட்டேன். இது ரேமின் ஒவ்வொரு பகுதியிலும் எழுதி, திருப்பி வாசித்து ஒப்பிடும். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இருபது நிமிடத்தில் திரை சிவந்தது.

இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி, மற்றதைத் தனியே சோதித்தேன். பின்னர் மாறி. ஒரே பட்டை எந்தத் துளையிலும் பிழை காட்டினால் பட்டை பழுது, ஒரு துளையில் மட்டும் எல்லாப் பட்டைகளும் பிழை காட்டினால் தாய்ப்பலகையைச் சந்தேகிக்கலாம். எனக்கு இரண்டும் தனித்தனியே தேறின. சேர்த்தால் மட்டும் பிழை.

பயோஸுக்குள் எக்ஸ்எம்பி என்ற தெரிவு இயக்கப்பட்டிருந்தது. பெட்டியில் அச்சிட்ட 3200 வேகத்தில் ரேமை ஓட்டும் ஏற்பாடு அது. வெவ்வேறு நிறுவனத்தின் இரு பட்டைகளைச் சோடி சேர்த்துத் தந்திருந்தார்கள், அவற்றால் அந்த வேகத்தில் ஒத்துப்போக முடியவில்லை. தெரிவை அணைத்தேன், வேகம் 2666க்கு இறங்கியது. என் எழுத்து வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. இரவு முழுதும் மீண்டும் சோதித்தேன், பிழை இல்லை. காலையில் விண்டோஸ் ஒரே மூச்சில் ஏறியது.

கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கிய பிறகே பழைய தட்டை இணைத்தேன். திறந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு வெளித்தட்டுகளில் பிரதியெடுத்தேன். ஒன்று திருகோணமலை நகரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது, கடலுக்குத் தள்ளி.

அம்மா மகனின் படத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தைத் திறக்கச் சொன்னார். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்தது. அன்று பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டது, புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. "இதென்ன பிள்ளை, பாஷை மாறிப்போச்சா?" என்றார். பாமினியை ஏற்றியதும் தமிழ் வந்தது. இனி அறுபது கடிதங்களையும் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.