தீவகத்து அடுப்படி – 9: வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய்

போன கிழமை கூழ் காய்ச்சினோம். நண்டு, றால், மீன் என்று கடலே சட்டிக்குள் இறங்கியிருந்தது. இந்தக் கிழமை மச்சம் இல்லை.

எங்கள் தீவகத்து ஊரான புளியங்கூடலில் வெள்ளிக்கிழமை என்றால் மச்சச் சட்டி கவிழ்ந்துவிடும். மரக்கறிக்கு வேறு சட்டி. மகாமாரி அம்மன் கோயில் திருவிழா தொடங்கிவிட்டால் விரதகாரருக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான். கடல் சூழ்ந்த தீவில் மீன் இல்லாமல் சோறு இறங்குவது லேசில்லை. அந்த இடத்தை நிரப்பத் தெரிந்த காய் கத்தரி ஒன்றுதான் என்பது என் துணிபு. பொரித்து, புளிவிட்டு, தூள் போட்டு வைத்த குழம்பில் அது மீன் துண்டு மாதிரியே உடையாமல் கிடக்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரிலேயே ஊதாக் கத்தரி இனம் ஒன்று இருக்கிறது. எந்த இனமானாலும் பிஞ்சாகப் பாருங்கள். முற்றினால் விதை கசக்கும். அரைக் கிலோவை விரல் நீளத்துக்கு வெட்டி, உடனே மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் போட வேண்டும். வெட்டுவாய் காற்றுப் பட்டால் கறுக்கும். பிறகு பிழிந்தெடுங்கள். கத்தரியின் சதை முழுக்கக் காற்றறைகள். பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். உப்புத் தண்ணீரில் தோய்ந்து பிழிபட்ட துண்டு அவ்வளவு குடிக்காது. நல்லெண்ணெய் நன்றாகக் கொதித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரம் சிவக்கப் பொரித்தெடுங்கள்.

தமிழ்நாட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கடலையும் எள்ளும் வறுத்து அரைப்பார்கள். எங்களுக்கு அந்த வேலையைத் தேங்காய்ப்பாலும் தூளும் செய்கின்றன. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்த தூள். கடைத்தூள் வாங்கி இந்தக் குழம்பு வைப்பதை என் மனம் ஒப்புவதில்லை.

சட்டியில் கடுகு, பெருஞ்சீரகம், வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்குங்கள். தேங்காயைப் பிந்திப் பிழிந்தெடுத்த தண்ணிப்பாலான கப்பிப்பாலை விட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி தூளும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். தூளின் பச்சை மணம் போனதும் நெல்லிக்காயளவு பழப்புளியைக் கரைத்து விடுங்கள். புளியும் கொதித்து அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொரித்த கத்தரிக்காய். கடைசியில் அடுப்பைத் தணித்து முதற்பால். இந்த ஒழுங்கில்தான் குழம்பே நிற்கிறது. முதற்பாலை விட்டபின் தளதளவென்று கொதித்தால், புளி சேர்ந்த பால் திரைந்து எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரியும். ஒரு நுரை எழும்பினால் போதும், இறக்கிவிடுங்கள்.

1990க்குப் பிறகு போர் புளியங்கூடல் சனத்தைப் பல திசைக்குத் துரத்தியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தலையணை மாதிரிப் பெரிய கத்தரிக்காயோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அதில் தண்ணீர் கூட. உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்துப் பிழியுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் தமிழ்க் கடைகளில் சின்னக் கத்தரிக்காய் வரும் நாளை விசாரித்து வையுங்கள்.

குழம்பு மிஞ்சினால் கொட்டிவிடாதீர்கள். சனிக்கிழமை காலையில், முதல்நாள் பருப்பையும் கீரையையும் அதே சட்டியில் சேர்த்து அடிப்பிடிக்காமல் சுண்ட வையுங்கள். கரைக்கு மீன் வந்திருக்கும்தான். ஆனால் பழஞ்சோற்றோடு அந்தச் சுண்டக்கறி இருக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் மீன் வாங்க எழும்புவதில்லை.