5,400 பிக்சலில் ஒரு போர்க்களம்: ஸ்ட்ராட்டஜி கேமுக்குக் கடைப் படம் செய்வது பற்றி

ஸ்டீம் கடையில் எதையாவது தேடினால், பட்டியலில் ஒவ்வொரு கேமின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் படம் வரும். அகலம் 120 பிக்சல், உயரம் 45 பிக்சல். மொத்தம் 5,400 பிக்சல். 1920×1080 திரையை நிரப்பும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிட்டால் இது 384-இல் ஒரு பங்குதான். வருஷக்கணக்கில் ராத்திரி தூக்கம் கெட்டு ஒருவர் செய்த கேமை, முன்பின் தெரியாத ஆள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

நான் கேம் செய்பவன் இல்லை. பிழைப்பு வேறு மென்பொருளில். டர்ன்-பேஸ்ட் ஸ்ட்ராட்டஜி கேம்கள் மேல் மட்டும் பழைய பைத்தியம் உண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அப்படி ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார். "கடைப் படத்துக்கு ஓவியர்கிட்ட என்ன வரையச் சொல்றது?" என்று கேட்டார். அதற்காகத் தேடிப் படித்து, கடையையும் மணிக்கணக்கில் மேய்ந்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

ஸ்ட்ராட்டஜிக்கு மட்டும் ஏன் கூடுதல் தலைவலி?

சண்டை கேம் என்றால் ஒரு வீரன், ஒரு வாள் போதும். ஸ்ட்ராட்டஜி கேமின் அழகே முழு வரைபடத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பதில் இருக்கிறது. அந்த அழகுதான் சின்னப் படத்தில் முதலில் சாகும். 'இன்டூ தி பிரீச்' கேமின் களம் 8×8 கட்டம். ஸ்ட்ராட்டஜி உலகத்தில் இது ரொம்பச் சின்னக் களம். அதையே 45 பிக்சல் உயரத்தில் நேராக அடுக்கினால் ஒரு கட்டத்துக்கு ஐந்தரை பிக்சல்தான் கிடைக்கும். 'சிவிலைசேஷன் 6' கேமின் நடுத்தர வரைபடம் 84×54 அறுகோணங்கள். அது வெறும் புள்ளிக் கோலம் ஆகிவிடும்.

'மினி மெட்ரோ' மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. அந்த கேமே ஒரு ரயில் வரைபடம். ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளிவந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தின் வழியில் வந்தது. கெட்டியான கோடு, சில நிறங்கள், அவ்வளவுதான். எவ்வளவு சுருக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைச் சுருக்கிப் போடுவது என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிடலாம்.

படத்தின் வேலை என்ன?

'நிறைய பேரைக் கிளிக் பண்ண வைப்பது' என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. சரியான ஆளைக் கூப்பிடுவதும், தவறான ஆளைப் பேசாமல் தாண்டிப் போக விடுவதும்தான் அதன் வேலை.

காரணம் பணம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கலாம். ஸ்ட்ராட்டஜி கேமில் விதிகள் பிடிபடவே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். ஆக்‌ஷன் என்று நம்பி வந்தவர் அந்த ஒரு மணி நேரத்திலேயே கடுப்பாகி, பணத்தைத் திரும்பக் கேட்பார். போகிற போக்கில் ஒரு மோசமான விமர்சனமும் எழுதிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பில்லை. படம் ஒன்று சொன்னது, கேம் வேறொன்றாக இருந்தது. பத்து இருபது விமர்சனங்களோடு தொடங்கும் சின்ன கேமுக்கு இப்படி நாலு பேர் போதும், பெயர் கெட்டுப்போக.

என் நண்பரின் கேம் இது: ஒரு சமவெளியில் சின்னச் சின்னக் கோட்டைகள். ஒவ்வொரு டர்னுக்கும் வெள்ளம் ஒரு கட்டம் ஏறும். எந்தக் கோட்டையைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதுதான் ஆட்டம். முதல் வரைவில் ஓவியர் ஒரு ராணியின் முகத்தைப் பெரிசாக வரைந்திருந்தார். கையில் வாள், பின்னால் மின்னல். அருமையான ஓவியம். ஆனால் யாரிடம் காட்டினாலும் "ஆர்பிஜி-யா?" என்றுதான் கேட்டார்கள்.

பெரிய முகம் 'இது ஒரு கதாபாத்திரத்தின் கதை' என்று சொல்கிறது. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணமும், சின்னச் சின்ன உருவங்களும், கோட்டையோ நகரமோ முழுசாகத் தெரிவதும் 'இங்கே நீ முடிவெடுப்பவன்' என்று சொல்கின்றன. கடையை மேய்பவர்கள் இதை யோசித்துப் படிப்பதில்லை. பல நூறு படங்களைப் பார்த்துப் பழகிய கண் தானாகப் பிரித்துவிடும்.

ஒரு சோறு பதம்

அப்படியானால் எதைத்தான் வரைவது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கேமில் ஆடுபவரை அதிகம் தவிக்க வைக்கும் ஒரே ஒரு முடிவை எடுத்து, அதை ஒரு காட்சியாக மாற்ற வேண்டும். நண்பரும் நானும் ஓவியருக்கு ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தது: 'மேலிருந்து பார்க்கிறோம், சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு கோட்டை, வாசலில் ஒரே படகு, படகில் பாதிப் பேருக்குத்தான் இடம்.' இதில் கோட்டை இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, தேர்வு இருக்கிறது. அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் 120 பிக்சலில் அழுக்காகத்தான் தெரியும்.

பெயர்

ஸ்டீமே தன் வழிகாட்டியில், சின்ன கேப்ஸ்யூல் படத்தை லோகோ கிட்டத்தட்ட நிரப்ப வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டாலே புரியும். 20 எழுத்துள்ள ஆங்கிலப் பெயரை ஒரே வரியில் எழுதினால் எழுத்துக்கு ஆறு பிக்சல். இரண்டு வரியாக மடித்தால் பன்னிரண்டு. மெல்லிய எழுத்து, ஜிலுஜிலு வேலைப்பாடு, எழுத்துக்குள் வாள் சொருகுவது எல்லாம் இந்த அளவில் படிக்கவே முடியாது. முதலில் படிக்க வேண்டும், அலங்காரம் அப்புறம்.

ஒரே படம், பல வடிவம்

கடை கேட்பது ஒரு படம் இல்லை. தலைப்புப் படம் 460×215 விகிதம், சின்னது 231×87, முதன்மைப் படம் 616×353, நெட்டுக்குத்தலானது 374×448, வாங்கியவரின் லைப்ரரியில் வருவது 600×900. (இப்போது கடைப் படங்களை இதே விகிதத்தில் இரண்டு மடங்கு அளவில் கேட்கிறார்கள்.) அகலமான ஓவியத்தை வெட்டி நெட்டுக்குத்தலாக்கினால் கோட்டை இருக்கும், படகு போய்விடும். அதனால் பின்னணி, கோட்டை, படகு, லோகோ நான்கையும் தனித்தனி லேயராகத் தரச் சொல்லி முதல் நாளே ஓவியரோடு பேசிக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் அது புது வேலை, புதுக் கூலி.

2022 செப்டம்பர் 1 முதல் இன்னொரு விதியும் உண்டு. இந்தப் படங்களில் ஓவியம், கேமின் பெயர், அதிகாரப்பூர்வத் துணைத் தலைப்பு மட்டும்தான் இருக்கலாம். விருது முத்திரை, விமர்சன மதிப்பெண், 'இப்போது தள்ளுபடி' எதுவும் கூடாது. கையில் விருது இல்லாத சின்ன ஆட்களுக்கு இது நல்லதுதான் என்பேன்.

மூன்று சோதனைகள்

செலவே இல்லாதவை. ஒன்று, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 120 பிக்சலுக்குச் சுருக்குங்கள். கோட்டை எது, தண்ணீர் எது என்று பிரியவில்லையா? நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிச்சமும் இருட்டும்தான் மாற வேண்டும். இரண்டு, ஸ்டீமின் பக்கமே கருநீலம். ஓரங்கள் கருநீலமாக இருந்தால் படம் பக்கத்தோடு கரைந்துபோகும். வெள்ளக் காட்சியில் எங்களுக்கு இதுதான் பெரிய சவால். தண்ணீரைச் செம்மண் நிறமாக்கியதும் தீர்ந்தது. வெள்ளத் தண்ணீர் நிஜத்திலும் அப்படித்தானே இருக்கும். மூன்று, அதே வகை கேம்களின் தேடல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் உங்கள் படத்தை ஒட்டி, விஷயம் தெரியாத ஒருவரிடம் இரண்டு விநாடி காட்டுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "இதுல என்ன பண்ணணும்னு தோணுது?" என்று கேளுங்கள்.

படம் கடைக்குப் போன பிறகு, எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கை ஸ்டீம் டெவலப்பருக்குக் காட்டும். அந்த விகிதம் ஏறினால் சந்தோஷம்தான். கூடவே வந்தவர்களில் எத்தனை பேர் விஷ்லிஸ்டில் சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். கிளிக் ஏறி விஷ்லிஸ்ட் ஏறவில்லை என்றால், படம் ஆளைக் கூட்டி வருகிறது, ஆனால் வேறு கேமுக்கான ஆளை. அப்போது மாற்ற வேண்டியது படத்தின் அழகை இல்லை, அது சொல்லும் சேதியை.

நண்பரின் இரண்டாவது வரைவைக் காட்டியபோது ஒரு பெண் கேட்டது, "மீதிப் பேரை விட்டுட்டுப் போகணுமா?" கேமின் பெயரைக்கூட அவர் இன்னும் படிக்கவில்லை. அந்த வரைவையே முடித்துத் தரச் சொல்லிவிட்டோம்.