இறந்த மாடும் பிணந்தின்னிக் கழுகும்

பூமியிலுள்ள ஜீவராசிகள் வாழ்வதற்கு வேண்டிய சக்தி, ஏறத்தாழ முழுவதும், சூரியனிடமிருந்து கிடைப்பதாகும். பசுந்தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன. தாவரங்களைத் தின்று சில பிராணிகளும், அப்பிராணிகளைத் தின்று வேறு சிலவும் வாழ்கின்றன. இச்சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேரும் சக்தி, பொதுவாகப் பத்தில் ஒரு பங்களவே. மிகுதியில் பெரும்பகுதி உடலின் இயக்கத்தில் செலவாகி உஷ்ணமாக வெளியேறுகிறது. அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் லிண்டமன், 1942-ஆம் ஆண்டில் வெளியான தமது கட்டுரையில், ஓர் ஏரியை ஆராய்ந்து இச்சக்தியோட்டத்தை விளக்கினார்.

வேட்டைக்கு இரையாகாமல் இறக்கும் பிராணியின் உடலில் எஞ்சிய சக்தி என்னவாகிறது? அதனைப் பாக்டீரியாக்களும் புழுக்களும் பிணந்தின்னிகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. இவற்றுள் ஒன்று மறைந்தால் விளையும் கேட்டினை நம் நாடு அனுபவத்தில் கண்டுள்ளது.

கழுகுகளின் பணி

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், சுமார் 11 கோடி எருமைகளும் இருந்தன. இறந்த கால்நடையின் தோலை உரித்தபின் உடலை ஊர்ப்புறத்தில் விட்டுவிடுவது பல பகுதிகளில் நெடுங்கால வழக்கம். கழுகுக் கூட்டமொன்று ஒரு மாட்டின் உடலை, எலும்பு மட்டும் எஞ்சுமாறு, ஒரு மணி நேரத்திற்குள் தின்று தீர்க்க வல்லது. அதன் வயிற்றிலுள்ள கடுமையான அமிலத்தில் நோய்க்கிருமிகள் பல அழிந்துவிடுகின்றன.

வீழ்ச்சியும் காரணமும்

1990-களில், ராஜஸ்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலதேவ் பூங்காவில் இப்பறவைகள் குறைந்துவருவது கவனிக்கப்பட்டது. வெண்முதுகுக் கழுகுகளின் தொகை, 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தொற்றுநோயே காரணமென விஞ்ஞானிகள் முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாகி உண்மையைப் புலப்படுத்தியது. கால்நடைகளுக்கு வலி நீங்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த உடலின் வாயிலாகக் கழுகைச் சேர்ந்து அதன் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. நூறு உடல்களுள் ஒன்றிற்கும் குறைவானதில் இம்மருந்து இருப்பினும், இத்தகைய வீழ்ச்சிக்கு அது போதுமானதெனக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அவ்விழப்பை எங்ஙனம் ஈடுசெய்ய இயலும்?

கழுகுகள் மறைந்தபோதிலும் இறந்த உடல்கள் குறையவில்லை. அவற்றிலிருந்த சக்தி வேறு வழியே திரும்பி, தெருநாய்களைப் பெருகச் செய்தது. வெறிநாய்க்கடியின் அபாயம் மிகுந்தது. அழுகிய உடல்களால் நீர்நிலைகளும் கெட்டன. கழுகுகளின் மறைவினால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மக்கள் கூடுதலாக உயிரிழந்தனரென, 2024-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

பரிகாரம்

கால்நடை வைத்தியத்தில் டைக்ளோபினாக் பயன்படுவதை மத்திய அரசாங்கம் 2006-ஆம் ஆண்டில் தடைசெய்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவற்றையும் 2023-இல் விலக்கியது. மெலாக்சிகாம் என்னும் மருந்து கழுகுகளுக்குத் தீங்கற்றதெனச் சோதனைகளில் தெளிவாகியுள்ளது. ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் கழுகுகள் கூண்டில் வளர்க்கப்பட்டு இனவிருத்தி செய்யப்படுகின்றன.

ஆயினும், மனிதருக்கான டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குச் செலுத்தினால் தடையின் பயன் கெட்டுவிடும். நோயுற்ற மாட்டிற்குத் தக்க மருந்தைத் தேர்ந்து கொடுக்கும் வைத்தியரும் விவசாயியும், கழுகினத்தை மட்டுமன்றித் தங்கள் ஊரின் சுகாதாரத்தையும் காப்பவராவர்.